எங்கேயாவது ஒழுகட்டும்

தண்ணீர் பில்லை முதலில் பார்த்தபோது, பக்கத்துத் தெரு நீச்சல் குளத்துக்குப் போகவேண்டியது வழி தவறி எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் வந்து விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். புரட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டு எண்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். தொகை இன்னும் தெளிவாகவும், இன்னும் சற்றுக் குண்டாகவும் தெரிந்தது. அவ்வளவு தண்ணீரில் ஒரு கப்பலை மிதக்கவிட்டு, வீட்டில் இருக்கும் மூன்று பேரும் அதில் ஏறி, பில் வராத ஏதாவது ஒரு தீவுக்குத் தப்பிப் போய்விடலாம்.

மூன்று பேர் என்றால் நான், என் மனைவி, அவளுடைய அண்ணன்.

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வண்டி, எந்த நேரம், எந்த நடைமேடை என்று ஒலிபெருக்கியில் சொல்வது என் வேலை. அதில் கூட்டிச் சொல்ல முடியாது, குறைத்தும் சொல்ல முடியாது. 'சற்று நேரத்தில் வந்து சேரும்' என்பது ஒன்றுதான் என் தொண்டை வழியாக வெளிவந்த பொய். அதுவும் மேலதிகாரி எழுதிக் கொடுத்தது. ஆகவே, உண்மை பேசியே வீணாய்ப்போன அந்த வருஷங்களுக்கெல்லாம் இப்போது வட்டியோடு ஈடுகட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதில் என் மனைவியால் எனக்குச் சல்லிக்காசு பிரயோஜனம் இல்லை. என் கதைகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். நான் யானை என்று ஆரம்பித்தால், "போன வாரம் அது எருமையா இருந்துச்சு" என்பாள்.

மச்சான் அப்படியில்லை. நான் யானை என்றால், முகத்தில் ஒரு மயிர் அசையாமல், "தந்தம் இருந்துச்சா மாப்ள?" என்று கேட்பார். இப்படி ஒரு ஆள் கிடைக்க முற்பிறவியில் நான் பெரிய புண்ணியம் எதுவோ செய்திருக்க வேண்டும். அந்தப் பிறவியில் நான் செய்த புண்ணியங்களைப் பற்றியும் அவரிடம் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

அவர் வாழ்நாளெல்லாம் தொலைதூர லாரி ஓட்டியவர். எஞ்சின் இரைச்சலில் காது கொஞ்சம் மந்தம். ஆள் பேசினால் கேட்கும், கொசு பேசினால் கேட்காது. பிள்ளைகள் இல்லை. மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, "நாலு நாள் இருந்துட்டுப் போறேன் பாப்பா" என்று ஒரு பெட்டியோடு வந்தார். அறுபது வயதைத் தாண்டிய என் மனைவியைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே ஆள் அவர்தான். அவர் கூப்பிடும்போதெல்லாம் அவள் நடையில் ஒரு துள்ளல் வருவதைப் பார்த்திருக்கிறேன். நான் கூப்பிட்டால் முழங்கால் வலிதான் வரும்.

நாலு நாள் நீண்டு, ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. வீட்டின் பின்பக்க அறையை அவருக்குக் கொடுத்திருந்தோம். அதை ஒட்டி ஒரு குளியலறையும் உண்டு. அவர் இருப்பதே தெரியாது. பூனைகூட அவரைவிடச் சத்தமாக நடக்கும். குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்ப்பார். கதவை மூடும்போது, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் மூடுவார். ஊர் ஊராக அடுத்தவர் இடத்தில் தூங்கி எழுந்தவரின் பழக்கம் அது.

ஒரே ஒரு விஷயம் என் மனைவியை அரித்துக்கொண்டிருந்தது. அந்த அறை அலமாரியைக் காலி செய்து, தட்டுகளில் புதுத் தாள் விரித்து வைத்திருந்தாள். அவரோ துவைத்த சட்டையை மடித்துத் திரும்பவும் பெட்டிக்குள்ளேயே வைத்தார்.

"இன்னும் பெட்டியப் பிரிக்கல பாருங்க," என்பாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "நாளைக்கே கிளம்புற மாதிரி உக்காந்திருக்கார்." பிறகு வெங்காயத்தைக் குறை சொல்லி மூக்கை உறிஞ்சுவாள். சில நாட்கள் கையில் இருப்பது வெள்ளரிக்காயாக இருக்கும். அப்போதும் குறை வெங்காயத்தின் மேல்தான்.

இந்த நிலையில்தான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்தப் பில் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் பாவம், அதற்கு என் அளவுக்குக் குரல்வளம் கிடையாது. இரவுச் சாப்பாட்டின்போது பில்லை நடைமேடைக்கே கேட்கிற குரலில் வாசித்துவிட்டு, "மச்சான், எங்களுக்குத் தெரியாம பின்பக்கம் யானை எதையாவது குளிப்பாட்டுறீங்களா?" என்றேன்.

அவர் தந்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் அதிகமாத்தான் புழங்கிட்டேன் போல," என்றார்.

மறுநாள் காலை அவர் குளிக்கவில்லை. ஒரு துண்டை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டார். தட்டைக் கழுவ அவர் எடுத்துக்கொண்ட தண்ணீரில் ஒரு சிட்டுக்குருவிக்குக்கூட தலை நனையாது. மத்தியானம் சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னார்: "பழைய கூட்டாளி ஒருத்தன் லாரி ஷெட்டுக்கு மேல ஒரு ரூம் சும்மா கிடக்காம். வந்து இருன்னு ரொம்ப நாளா கூப்பிடுறான். ஞாயித்துக்கிழமை காலையில பஸ் இருக்கு. அதுல கிளம்புறேன் பாப்பா."

அந்த ஷெட்டை நான் பார்த்திருக்கிறேன். அதன் மேல் இருப்பதை ரூம் என்று சொல்ல எனக்கே வாய் வராது. மேலே தகரம், கீழே டீசல் வாசனை. பேச்சுக்கு மனிதர் கிடையாது.

சமையலறையில் என் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மைக்கப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்புனாங்க, வாயையும் பிடுங்கிட்டு அனுப்பியிருக்கலாம்."

"தமாஷுக்குத்தானே சொன்னேன்."

"எங்கண்ணன் துண்ட நனைச்சுத் துடைச்சுக்கிறார். அதுவும் தமாஷா?"

"நான் போய் மன்னிப்புக் கேக்குறேன்."

"கேட்டா, 'சேச்சே, அதெல்லாம் இல்ல மாப்ள'ன்னு சொல்லிட்டு அதே பஸ்லதான் போவார். அவரைப் பத்தி எனக்குத் தெரியாதா? அவ்ளோ தண்ணி அவரால செலவாகலன்னு அவர் கண்ணுக்குத் தெரியணும். இந்த வீட்ல எங்கயோ லீக் இருக்கணும். இருந்தே ஆகணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள கண்டுபிடிங்க."

உலகத்தில் வீட்டுக்காரன் என்று பிறந்தவன் எல்லாம் தன் வீட்டில் எதுவும் ஒழுகக்கூடாது என்று வேண்டிக்கொள்வான். நான் ஒருவன்தான் எங்கேயாவது ஒழுகட்டும் என்று உருகி வேண்டிக்கொண்டேன். சுவரில் ஈரம் தெரியாதா என்று ஒவ்வொரு அறையாகக் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். தரையில் காதை வைத்துப் படுத்தேன். பூமிக்குள் ஏதோ சலசலத்தது. என் வயிறுதான்.

எங்கள் பிளம்பருக்குத் தெருவில் 'இதோ' என்று பெயர். போன் செய்தால், "இதோ வந்துட்டேன் சார்" என்பார். அந்த 'இதோ'வுக்குள் இரண்டு பண்டிகைகளைக் கொண்டாடி முடித்துவிடலாம். நான் பழைய அறிவிப்புக் குரலில், இது அவசர வண்டி என்று எடுத்துச் சொன்ன பிறகு சனிக்கிழமை காலையே வந்துவிட்டார். வெளியாள் வருகிறார் என்றதும் என் மனைவி விடியும் முன்பே எழுந்து வீடு முழுவதையும் பெருக்கித் துடைத்தாள். பின்பக்கக் குளியலறையைத் தேய்த்துக் கழுவி, பீங்கானில் முகம் தெரிகிற மாதிரி ஆக்கிவைத்தாள். குழாய் பார்க்க வருபவர் அழுக்கைப் பார்த்துவிடக்கூடாதல்லவா?

பிளம்பர் எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லிவிட்டு, எங்களை வாசல் கேட் ஓரத்தில் இருக்கும் மீட்டர் குழிக்குக் கூட்டிப்போனார். மூடியைத் திறந்தார். கண்ணாடிக்குக் கீழே, சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு சிவப்புச் சக்கரம் இருந்தது.

"எல்லாத்தையும் மூடின பிறகும் இது சுத்துனா லீக்கு. சுத்தலைன்னா இல்ல. அவ்ளோதான் சார்."

நாங்கள் குனிந்து பார்த்தோம். சுத்து, சுத்து என்று மனதுக்குள் கெஞ்சினேன். அது, சேற்றில் படுத்த எருமைபோல அசையாமல் கிடந்தது.

"லீக் கிடையாது," என்று எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார் பிளம்பர். "ஆள் புழங்குறதுதான். வீட்ல ஆளு யாராச்சும் கூடியிருக்காங்களா?"

"நான் ஒருத்தன்தான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மச்சான் தோளில் மடித்த துண்டோடு நின்றுகொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் சிரித்துவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

மத்தியானச் சாப்பாட்டை யாரும் சாப்பிடவில்லை. இடம் மாற்றி வைத்தோம், அவ்வளவுதான். என் மனைவி சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நான் யோசித்தேன். கசிவு இல்லையென்றால் என்ன, செய்துகொண்டால் போகிறது. மனிதன் அணையே கட்டுகிறான், ஒரு ஒழுக்கு உண்டாக்க முடியாதா? மீட்டரைத் தாண்டி வீட்டுப் பக்கம் வரும் குழாயின் இணைப்பை லேசாகத் தளர்த்திவிட்டால், சக்கரம் சுற்றும், மண் நனையும். நான் "ஐயோ" என்று அலறுவேன். எல்லோரும் ஓடிவருவார்கள். மச்சான் நிரபராதி ஆகிவிடுவார்.

பெரிய ஸ்பேனரைத் துண்டில் சுற்றி, வாழைப்பழம் திருடப் போகிறவன்போல் பதுங்கிப் பதுங்கிப் போனேன். மீட்டர் குழியருகே மண்டியிட்டு, இணைப்பில் ஸ்பேனரை மாட்டி, என் வயதையும் முன்னோர்களின் பலத்தையும் சேர்த்துத் திருப்பினேன். பூமி லேசாக இடம் மாறியது. இணைப்பு மாறவில்லை. மூச்சு வாங்க, குழிக்குள் தலையைத் தொங்கவிட்டபோதுதான் பார்த்தேன்.

சிவப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

வேகமாக இல்லை. சாப்பிட்ட பிறகு உலாவப் போகிறவரைப்போல நிதானமாக, ஆனால் நிற்காமல். நான் தளர்த்தப் பார்த்த குழாயா? இல்லை, மண் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. வீட்டுக்குள் பாய்ந்தேன். நான் கடைசியாக அந்த வேகத்தில் ஓடியது கல்யாணத்துக்கு முந்தின நாள், எதிர்த்திசையில். சமையலறைக் குழாய் மூடியிருந்தது. துவைக்கும் இடம், எங்கள் அறைக் குளியலறை, பின்பக்கக் குளியலறை என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். எங்கும் எதுவும் திறந்திருக்கவில்லை. மறுபடி மீட்டருக்கு ஓடினேன்.

சக்கரம் நின்றிருந்தது.

மனைவியை எழுப்பினேன். "சக்கரம் சுத்துச்சு. நான் உள்ள வந்து பார்த்துட்டுப் போனா நின்னுடுச்சு."

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "இது யானையா, எருமையா?"

"சத்தியமாச் சக்கரம்."

நான் கூட்டாமல் குறைக்காமல் பேசும்போது என் குரல் தானாகவே பழைய உத்தியோகக் குரலாகிவிடும். அவளுக்கு அது தெரியும். எழுந்து உட்கார்ந்தாள். "நீங்க மீட்டர் பக்கத்துலயே உக்காருங்க. திரும்பச் சுத்துனா கூப்பிடுங்க. இந்த தடவை நான் தேடுறேன்."

கேட் ஓரத்தில் தவம் கிடந்தேன். வெயில் சுவரிலிருந்து இறங்கி என் காலடிக்கு வந்தது. திடீரென்று சக்கரம் தறிகெட்டுச் சுழன்றது. பிறகு வேகம் குறைந்து அதே பழைய உலாவலுக்கு வந்தது. ஆனால் நிற்கவில்லை.

"சுத்துது," என்று குரல் கொடுத்தேன்.

உள்ளிருந்து ஒவ்வொரு இடமாக அவள் குரல் வந்தது. "அடுப்படி மூடியிருக்கு."

"சுத்துது."

"துவைக்கிற குழாய் மூடியிருக்கு."

"சுத்துது."

"நம்ம பாத்ரூம். எல்லாம் மூடியிருக்கு."

"இன்னும் சுத்துது."

"பின்பக்கம். குழாய் மூடியிருக்கு. ஷவர் மூடியிருக்கு. இங்கயும் எதுவும்..."

"நின்னுடுச்சு," என்றேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. ரயில் நின்றுவிட்டதாக நினைத்திருப்பார்கள்.

ஓடினேன். பின்பக்கக் குளியலறையின் நடுவே அவள் விழித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்ன பண்ணினே?"

"ஒண்ணுமே பண்ணலியே."

"கை எங்க இருக்கு பாரு."

இரண்டு பேரும் பார்த்தோம். அவள் கை ஃபிளஷ் தொட்டியின் கைப்பிடியில் இருந்தது.

"தொங்கிட்டு இருந்துச்சு, தூக்கி விட்டேன். அழுத்தினா தூக்கி விடணும்ல? எப்பவும் தூக்குறதுதானே. நீங்களும்தான் தூக்குவீங்க."

"நானா?" என்றேன். கைப்பிடியை அழுத்தினேன். தண்ணீர் பாய்ந்து அடங்கியது. நான் அவளிடம் பேச வாயைத் திறப்பதற்குள் என் கை, என்னைக் கேட்காமலே, அதை மேலே தூக்கி 'டக்' என்று விட்டது. சற்று முன்பு தேடி வந்தபோதும் இதே கைதான் இதே வேலையைச் செய்திருக்க வேண்டும். காலையில் இவள் கழுவியபோதும் அப்படித்தான்.

நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது இது ஒன்றுதான் குளியலறை. கைப்பிடி அன்றைக்கே அப்படித்தான். அழுத்தினால் தானாக மேலே வராது. தூக்கி விடாவிட்டால், உள்ளே மூடி சரியாக உட்காராமல், பீங்கானின் முதுகோடு ஒட்டித் தண்ணீர் நூலாக, சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டேயிருக்கும். சரிசெய்ய வேண்டும் என்று பேசிக்கொண்டோம். பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கள் கைகள் பழகிவிட்டன. கை கற்றுக்கொண்டதைத் தலை மறந்துவிட்டது. எங்கள் அறையோடு புதிதாக ஒரு குளியலறை வந்த பிறகு இந்தப் பக்கம் வருவதும் குறைந்துபோயிற்று.

அறைக் கதவு திறந்தது. பாதி மடித்த சட்டையோடு மச்சான் எட்டிப் பார்த்தார். "என்ன பாப்பா, ஏதாவது ரிப்பேரா?"

அவள் கைப்பிடியைக் காட்டிச் சொன்னாள். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தூக்கணுமா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில், இத்தனை மாதங்களும் இரவும் பகலும் ஓடிய தண்ணீர் எல்லாம் எங்கள் காதில் விழுந்தது.

"அப்ப நான்தான்," என்று கட்டிலில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் பெட்டி வாயைப் பிளந்திருந்தது. "தூங்குறவங்க முழிச்சிடக்கூடாதுன்னு மெதுவா அழுத்திட்டு வந்துடுவேன். இந்தக் காதுக்கு எஞ்சின் சத்தம்தான் கேக்கும், தண்ணி ஒழுகுறதா கேக்கும்? தெரியாமச் செஞ்சாலும் செஞ்சது நான்தான் மாப்ள. நான் கிளம்புறதுதான் சரி."

அப்போது என் மனைவியின் பார்வை என் கையில் போய் நின்றது.

"ஸ்பேனர் எதுக்கு?"

"எந்த ஸ்பேனர்?"

"கையில இருக்கே, அது."

வேறு வழியில்லை. "குழாயக் கொஞ்சம் லூஸ் பண்ணலாம்னு போனேன்."

"எதுக்கு?"

"லீக் வேணும்னு நீதானே சொன்னே. கிடைக்கல. அதான் ஒண்ணு செஞ்சுக்கலாம்னு."

மச்சான் தலையை நிமிர்த்தினார். "சொந்த வீட்டுக் குழாய உடைக்கப் போனீங்களா?"

"உடைக்க இல்ல மச்சான். லேசா."

"எனக்காகவா?"

"உங்களுக்காக ஒண்ணும் இல்ல. நீங்க போயிட்டா நான் யானைக் கதைய யார்கிட்டச் சொல்றது? இவகிட்டயா?"

அவர் ஸ்பேனரை உற்றுப் பார்த்துவிட்டு, லாரிக்காரர் லாரிக்காரரைக் கேட்பதுபோல, "எந்தப் பக்கம் திருப்பினீங்க?" என்றார்.

நான் காற்றில் ஸ்பேனரைத் திருப்பிக் காட்டினேன்.

"மாப்ள," என்றார் மிகவும் மரியாதையாக, "அது இறுக்குற பக்கம்."

முதலில் அவர் தோள்கள் குலுங்கின. குளிரில் நின்ற பழைய லாரியைக் கிளப்புவதுபோல இருமி, உதறி, நின்று, மறுபடி பிடித்து, அப்புறம் ஒரே ஓட்டமாகச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதற்கும் ஒரு பில் வருமோ என்று நினைத்தேன். என் மனைவி அவர் தோளில் அடித்துக்கொண்டே சிரித்தாள், அழுதாள். வெங்காயம் அந்தப் பக்கத்திலேயே இல்லை.

சிரித்து ஓய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்ப பாப்பா, இந்த அலமாரிக்கும் இப்படி ஏதாவது இருக்கா?"

"எந்த அலமாரி?"

"இதுதான். வந்த அன்னைக்கே இழுத்துப் பார்த்தேன். திறக்கல. உங்க சாமான் எதையோ வச்சுப் பூட்டியிருக்கீங்க போலன்னு விட்டுட்டேன். சாவி கேட்டா நல்லா இருக்காதுல்ல?"

அவள் போய், அலமாரிக் கதவின் கீழ்ப்பக்கம் முழங்காலை வைத்து முட்டுக்கொடுத்து, பிடியை மேலே தூக்கி இழுத்தாள். கிறீச்சென்று திறந்தது. காலித் தட்டுகளில் பூப்போட்ட தாள், மடிப்புக்கூடக் கலையாமல் அப்படியே இருந்தது.

"உனக்காகத்தான் காலி பண்ணி வச்சேன் அண்ணே," என்றாள். "நீ ஏன் கேக்கல?"

"நீ ஏன் சொல்லல?"

விருந்தாளிக்கு வீட்டின் நல்லதை மட்டும்தான் காட்டுவோம். அதன் நொண்டியையும் முரண்டையும் வீட்டுக்காரர்களே வைத்துக்கொள்வோம். அவரை எங்கள் வீட்டு ஆள் என்று நினைத்துக்கொண்டே, இத்தனை நாளும் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இருந்திருக்கிறோம்.

அன்று மாலையே அந்தக் குறையைத் தீர்த்தேன். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து, மச்சானை வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினேன். கூடத்து விளக்கின் சுவிட்சை இரண்டு தடவை போட வேண்டும், முதல் தடவை அதற்கு யோசிக்க. சமையலறை மேல் இழுப்பறையைத் திறக்க வேண்டுமானால் முதலில் கீழ் இழுப்பறையை மூட வேண்டும். வாசல் கேட்டைத் தூக்கித் தள்ள வேண்டும். ஜன்னலோர நாற்காலியில் உட்கார என் மனைவியைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை, அது ரிப்பேர் அல்ல, சட்டம். அவர் ஒவ்வொன்றையும் தானே செய்து பார்த்தார், புது வண்டிக்கு கியர் போட்டுப் பார்ப்பவரைப்போல. காலிப் பெட்டி அலமாரியின் உச்சிக்குப் போயிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பஸ் கிளம்பும் நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. படுத்தபடியே காது கொடுத்தேன். கேட் தூக்கித் தள்ளப்படும் சத்தம் வரவில்லை. கொஞ்சம் கழித்து, பின்பக்கமிருந்து தண்ணீர் பாயும் சத்தம். பிறகு தெளிவாக, அழுத்தமாக, 'டக்'.

"தூக்கிட்டார்," என்றாள் என் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

"யானையையா?"

அவள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

பில்லைக் கட்ட நானும் மச்சானும் சேர்ந்துதான் போனோம். ரசீதை வாங்கிக்கொண்டு, கவுன்டரில் இருந்த பெண்ணிடம் மனதார நன்றி சொன்னேன். அவள் பயந்துபோய், ரசீதில் ஏதாவது தப்பா என்று கேட்டாள். இல்லை அம்மா, எல்லாம் சரியாக இருக்கிறது, அதற்குத்தான் என்றேன். திரும்பிப் பார்த்தால், வரிசையில் பின்னால் நின்றவரிடம் மச்சான் முகத்தில் ஒரு மயிர் அசையாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்ம மாப்ள ஸ்பேனரப் போட்டு ஒரு திருப்புத் திருப்பினார் பாருங்க, மீட்டர் சக்கரம் கழண்டு காம்பவுண்டு சுவரத் தாண்டிப் பறந்துடுச்சு."

அந்த ஆள் என்னைப் பார்த்து, "நிஜமாவா சார்?" என்றார்.

"சுவரா?" என்றேன், என் உத்தியோகக் குரலில். "எதிர்வீட்டு மாடியையே தாண்டிச்சு. இவர் எப்பவுமே குறைச்சுத்தான் சொல்வார்."